கூட்ஸ் அண்ணன் எடுத்த டிக்கெட்

தருமபுரி ஜில்லாவிலேயே கூட்ஸ் வண்டிக்கென்று பிறந்த ஒரே பயணி எங்கள் கூட்ஸ் அண்ணன்தான். தருமபுரி ஸ்டேஷன் பக்கம் நான் ரூம் எடுத்திருந்தபோது அடுத்த ரூம்காரர். கடத்தூர் ஆள், ஓமலூரில் சென்டரிங் வேலை. தினமும் வேலைக்குப் போவது சரக்கு ரயிலில். ஒற்றைத் தண்டவாளம் அல்லவா? எதிர் வண்டிக்கு வழிவிட கூட்ஸ் எங்கே நிற்கும், எத்தனை நிமிஷம் நிற்கும் என்பதெல்லாம் ஸ்டேஷன் மாஸ்டரைவிட அவருக்கு அத்துப்படி.

ரயில்வே போலீஸ் ஏட்டு ஒருவர், கன்னடக்காரர், மாசம் இரண்டு தடவையாவது அவரைப் பிடித்துவிடுவார்.

“ஏனப்பா, மத்தே பந்தியா? மறுபடியும் வந்துட்டியா? டிக்கெட் எங்கே?”

“கூட்ஸுக்கு டிக்கெட் கேட்டனுங்க. இல்லைன்னுட்டாங்க. விக்காத டிக்கெட்ட நான் எங்கிங்க போயி வாங்கறது?”

ஏட்டு தலையில் அடித்துக்கொள்வார். தண்டனையாக ஸ்டேஷனில் உட்கார வைத்தால், அண்ணன் பெஞ்சிலேயே குறட்டை விடுவார்.

“பேசஞ்சர்ல போனா என்னண்ணே?” என்று கேட்டேன்.

“கூட்டம் தம்பி, மூச்சு முட்டுது. இங்க ஒரு பெட்டி பூரா நமக்குத்தான்.”

எனக்குச் சேலத்தில் அரசு வேலைப் பரீட்சை வந்தது. வயது வரம்பு அத்தோடு முடிகிறது. விட்டால் மறுபடி எழுத முடியாது. அன்றைக்கென்று பார்த்து பஸ் ஸ்டிரைக், பேசஞ்சரும் ஒரு மணி நேரம் லேட்.

“அத நம்புனா நீ போறதுக்குள்ள பேப்பரையே திருப்பி வாங்கிருவாங்க. வா!” என்று அண்ணன் காலி நிலக்கரி வேகனில் என்னை ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார்.

சிவாடி ஸ்டேஷனில் கூட்ஸ் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. எதற்கு? பின்னால் வரும் அதே பேசஞ்சருக்கு வழிவிட! எதிரே வரும் வண்டிகளையெல்லாம் கணக்கு வைத்திருந்த மேதை, பின்னால் வருவதை மறந்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எட்டிப் பார்த்தால் கீழே ஏட்டு.

“எறங்குங்க ரெண்டு பேரும்!”

வழக்கமான பதிலைச் சொல்வார் என்று பார்த்தேன். அண்ணன் கை கூப்பினார். “தம்பிக்குப் பரீட்சைங்க. நான்தானுங்க ஏத்துனேன். அவன உட்ருங்க, என்னைய எங்க வேணாலும் கூட்டிட்டுப் போங்க.”

ஏட்டு என் ஹால் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். கரி பட்டு என் போட்டோவுக்கு மீசை முளைத்திருந்தது. “போய் டிக்கெட் எடு, ஓடு!” என்றார்.

நான் ஹால் டிக்கெட்டை வாங்கிக் கரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன்தான் ஓடினார். ஒரு கையை ஏட்டு பிடித்திருக்க, மறு கையால் கவுண்டரில் டிக்கெட் வாங்கி என் சட்டைப் பையில் திணித்தார். பேசஞ்சர் கிளம்பும்போது, “நல்லா எழுது தம்பி!” என்று கத்தினார்.

வேலை கிடைத்தது. அண்ணன் ரூமைக் காலி செய்துவிட்டுப் போய் வருஷங்கள் ஆகின்றன. கூட்ஸுக்கு வழிவிட என் வண்டி நிற்கும்போது மற்றவர்கள் திட்டுவார்கள். நான் ஜன்னல் வழியே ஒவ்வொரு வேகனாகத் தேடுவேன். ஆயுசில் ஒரே ஒரு டிக்கெட் எடுத்தார் மனுஷர், அதையும் எனக்கு எடுத்தார்.