சரிபாதியாகப் பிரித்த மாத்திரை

நான் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு நிகழ்தகவு சொல்லிக்கொடுக்கிற கணக்கு வாத்தியார். அந்தப் பாடத்தை நடத்த எனக்குத் தகுதி கிடையாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எனக்குச் சொரியாசிஸ். முழங்கை, முழங்கால், விரல் மூட்டு என்று அங்கங்கே தோல் சிவந்து தடித்து, வெள்ளையாகச் செதில் உதிரும். பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் தூள் என்று சமாளித்துவிடலாம். (வாத்தியார் வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை.) பந்தியில் அது நடக்காது. பக்கத்து இலைக்காரர் சாம்பாருக்குக்கூடக் காத்திராமல் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார். இது ஒட்டுகிற வியாதி இல்லை என்று பத்து வருடமாக எல்லோருக்கும் விளக்கியிருக்கிறேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார்கள். நான் குடித்த டம்ளரை மட்டும் தனியாக எடுத்துப்போய்க் கழுவுவார்கள்.

தங்கையை ஆவுடையார்கோவிலில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் மகளுக்குத் தை மாதம் காதுகுத்து என்று முடிவானது. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள், சொந்தபந்தம் மொத்தமும் சுற்றி நின்று பார்க்கும். அவளுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருத்தன்தான்.

"அண்ணே, அதுக்குள்ள ஒனக்குச் சரியாயிருமா?" என்று போனில் கேட்டாள். "சும்மாதான் கேட்டேன்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அந்த ஐப்பசியில் திருச்சி ஆஸ்பத்திரி ஒன்றில் புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்க ஆள் எடுத்தார்கள். உடம்புக்குள் இந்த அழற்சியைக் கிளப்பிவிடுகிற ஒரே ஒரு சமாச்சாரத்தை மட்டும் குறிபார்த்து அடக்குமாம். ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டேன். சோதனையைக் கவனித்துக்கொண்ட மேடம் பொறுமையாகச் சொன்னார்.

"பாதிப் பேருக்கு நெஜ மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. நாலு மாசம் கழிச்சு எல்லாருக்கும் நெஜ மாத்திரை குடுப்போம்."

நாலு மாதம் கழித்து என்றால் மாசி. எனக்குத் தையில் வேண்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டில் சின்னையா. குளத்தூரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், அதே வியாதி, கையில் அதே மாதிரி பாட்டில். "சார், எனக்கு வெறும் மாத்திரை விழுந்துருந்தா என்ன செய்யிறது?" என்றார், பாவமாக.

எனக்குள் இருந்த கணக்கு வாத்தியார் கண்ணைத் திறந்தது அப்போதுதான். தனித்தனியாகச் சாப்பிட்டால் ஒன்று முழுசு, இல்லையென்றால் பூஜ்யம். இரண்டையும் கலந்து பிரித்துக்கொண்டால் ஆளுக்குப் பாதி நிச்சயம். (இரண்டுமே வெறும் மாத்திரையாக இருந்தால்? வகுப்பில் முதல் பெஞ்சுப் பையன் கேட்டிருப்பான். பஸ்ஸில் முதல் பெஞ்சு இல்லை.) குளத்தூரில் இறங்கி, ஒரு டீக்கடையில் தூக்குச்சட்டி வாங்கி, இரண்டு பாட்டிலையும் அதில் கொட்டிக் கலக்கி, எண்ணி, சரிபாதியாகத் திரும்ப நிரப்பினோம். "நீங்க படிச்சவுங்க, சரியாத்தான் இருக்கும்" என்றார் சின்னையா.

ஐந்தாவது வாரம் செதில் உதிர்வது குறைந்தது. வலது முழங்கையில் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு என் சொந்தத் தோலைப் பார்த்தேன். தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு தங்கைக்குப் போன் போட்டு, "புள்ளைய என் மடியிலதான் வச்சுக் குத்தணும், சொல்லிப்புட்டேன்" என்று மிரட்டினேன்.

அடுத்த முறை திருச்சிக்குப் போனபோது மேடம் சின்னையாவிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "தினமும் ஒழுங்கா சாப்ட்டீங்களா?"

"ஒரு நாள் விடலைங்கம்மா" என்றார் அவர், முகமெல்லாம் பெருமையாக. "ரெண்டு பேரு மாத்திரையையும் ஒண்ணாக் கொட்டி, சார்தான் கரெக்டாப் பிரிச்சுக் குடுத்தாரு. ஒண்ணுகூடக் கொறச்சல் வைக்கல."

மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க வாத்தியார்தான?"

அன்றைக்கே இரண்டு பேரையும் சோதனையிலிருந்து நீக்கிவிட்டார்கள். பாட்டில்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. யார் எதைச் சாப்பிட்டோம் என்று தெரியாத இரண்டு பேரை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? மார்கழி முடிவதற்குள் வியாதி முழுசாகத் திரும்பிவிட்டது. போன தடவை வராத கழுத்துக்கும் வந்தது.

காதுகுத்தன்று வேட்டி சட்டையோடு மணையில் போய் உட்கார்ந்தேன். தங்கையின் மாமியார் குனிந்து, நல்ல மரியாதையாகவே சொன்னார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. பச்சப்புள்ள தோலு பாருங்க. செத்த அங்கிட்டு உக்காருங்க."

நான் தங்கையைப் பார்த்தேன். அவள் குழந்தையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டிருந்தாள், அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. என் பெரியப்பா மகன் வந்து உட்கார்ந்தான். குழந்தை அவன் மடியில் அலறியது. தாய்மாமன் சீர்த்தட்டை மட்டும் என் கையாலேயே வாங்கிக்கொண்டார்கள். தட்டு வழியாக ஒட்டாது போலிருக்கிறது.

சோதனை முடிந்தபிறகு மேடம் போன் செய்தார். இப்போது சொல்லலாமாம். என் பாட்டிலில் இருந்ததுதான் நிஜ மாத்திரை, சின்னையாவுடையது வெறும் மாத்திரை. கை வைக்காமல் இருந்திருந்தால் தைக்குள் எனக்கு முக்கால்வாசி குணமாகியிருக்கலாம். சின்னையாவிடம் சொன்னபோது, "அந்த அஞ்சு வாரம் நல்லாத் தூங்குனேன் சார், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். எனக்கு அந்தப் புண்ணியம் வேண்டியிருக்கவில்லை.

தங்கை மகளுக்கு இப்போது ஆறு வயது. என் பெரியப்பா மகன் அவளுக்கு 'மடி மாமா'. நான் 'மாத்திரை மாமா'. என் தங்கை புருஷன் சொல்லிக்கொடுத்தது. விசேஷ வீடுகளில் அவளைச் சொல்லச்சொல்லிக் கேட்டு, கதையை முதலிலிருந்து எடுத்துவிட்டுச் சிரிப்பார்கள். நானும் கூடவே சிரிப்பேன். சிரித்துக்கொண்டே "வாடா தங்கம்" என்று கையை நீட்டுவேன். அவள் வருவாள், ஒரு தடவை அம்மா முகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு.