மூட்டைக்காரன் கை நின்ற சனிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

நடு அண்ணன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம், அங்கு உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதித்தான் பழக்கம். இந்தத் தடவை இந்தப் பக்கத்து நலத்தில் ஒருவரைக் கழித்துக்கொள். உன் பிள்ளைகளின் படிப்பையும் உன் மனைவியின் முதுகுவலியையும் பிறகு விசாரிக்கிறேன். மறந்துவிட்டார் என்று அவள் குறைப்பட்டுக்கொள்ள வேண்டாம், மெத்தை வியாபாரி முதுகுவலியை மறப்பானா.

போனில் பேசினால் நீ "டாக்டர் சொல்றதைக் கேளுண்ணே, உணர்ச்சிவசப்படாதே" என்கிறாய், அப்புறம் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் அது மேஜைமேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். இந்த உறைக்குள் ஆஸ்பத்திரித் தாள் ஒன்றும் இருக்கிறது. பெரிய அண்ணனுக்கு மாட்டியிருக்கிற மூச்சு மிஷினை எடுத்துவிடச் சம்மதம் என்று அண்ணி, நான், நீ மூன்று பேரும் அதில் கையெழுத்துப் போட வேண்டுமாம். போடாதே. முதலில் இதை முழுக்கப் படி.

நடந்ததை நீ அரைகுறையாகத்தான் கேட்டிருப்பாய். குடோனில் லாரி வந்து நின்று சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் வழக்கம்போல வேலை எதுவும் செய்யாமல் வேலையை மேற்பார்வை பார்த்துக்கொண்டு மெத்தை அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். நான் அவருக்குக் கொடுத்த பொறுப்பு சரக்கைச் சரிபார்ப்பது, அவராக எடுத்துக்கொண்ட பொறுப்பு ஆட்களைச் சிரிக்க வைப்பது. உனக்குத் தெரியுமே, சின்ன வயசில் டிவி மல்யுத்தத்தில் பார்த்த நம்முடைய மூட்டைக்காரன் விழுகிற மாதிரி விழுந்து காட்டுவார். கண்ணைச் சொருகி, கை இரண்டையும் விரித்து, முதுகு மொத்தமும் ஒரே நேரத்தில் படும்படி, தொப்பென்று. அன்றைக்கும் அடுக்கிலிருந்து சரிந்து கீழே கிடந்த மெத்தையில் தொப்பென்று விழுந்தார். சுமை இறக்குகிறவர்கள் கைதட்டினார்கள். அதில் ஒருவன் ஓடிவந்து பக்கத்தில் மண்டிபோட்டு மெத்தையை அறைந்து ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணினான். நான் கல்லாவில் இருந்தபடியே, "போதும், எழுந்து வேலையைப் பாருங்க, லாரிக்காரன் கத்தப்போறான்" என்று சத்தம் போட்டேன். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துக் கிடக்கிற மனுஷனிடம் கூடப்பிறந்தவன் சொன்ன வார்த்தை அது. அவர் அவ்வளவு நன்றாக விழக் கற்றிருக்கக் கூடாது தம்பி. கொஞ்சம் மோசமாக விழுந்திருந்தால் அப்போதே ஓடியிருப்போம்.

ஆஸ்பத்திரியில் அவர் கண்ணே திறக்கவில்லை. ஒரு காலையில் டாக்டர் வந்தார். சின்ன வயசு, நல்ல குணம், தூக்கம் போதாத முகம். அண்ணன் கையைப் பிடித்து மேலே தூக்கினார், விட்டார். கை விழுந்தது. மறுபடி தூக்கினார், விட்டார். மறுபடியும் விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, ஏனென்றால் அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். ஆனால் டாக்டர் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகரப் பார்த்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"மூணாவது தடவை தூக்கலையே டாக்டர்?"

"ரெண்டு தடவை பார்த்தாலே தெரிஞ்சிடும் சார்."

"ரெண்டோட யாராவது நிறுத்துவாங்களா? மூணுதானே கணக்கு."

நான் பில்லில் தள்ளுபடி கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, ஆபீஸில் பேசுங்கள் என்றார். பிறகு நானே விளக்கினேன். டிவி மல்யுத்தத்தில் தூக்கப்பிடியில், அதாவது ஆளைத் தூங்க வைக்கிற பிடியில், கழுத்து மாட்டி ஒருத்தன் மயங்கிவிட்டால் ரெஃப்ரி அவன் கையைத் தூக்கி விடுவார், ஒருதரம் விழும், இரண்டாம் தரமும் விழும், மூன்றாம் தரம் பாதியில் நின்று நடுங்கும், விரல் மடங்கும், கூட்டம் நாற்காலியை விட்டு எழுந்துவிடும். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். சின்ன வயசில் தானும் மல்யுத்தம் பார்த்ததுண்டு என்றார். எது, சனிக்கிழமை மத்தியானம் வருமே அதுவா என்று ஆசையாகக் கேட்டேன். இல்லை சார், பெரிய நிகழ்ச்சி, சனிக்கிழமைகூட ஒன்று வந்ததா என்ன என்றார். அதுவரை வாயே திறக்காத அண்ணிதான் பின்னாலிருந்து, "இன்னொரு தடவை தூக்கிப் பாருங்களேன், உங்களுக்கு என்ன குறைஞ்சுபோகுது" என்றார். கல்யாணமான நாளிலிருந்து மல்யுத்தம் ஓடினால் டிவியை அணைத்தவர் அவர். சனிக்கிழமை ரவுண்ட்ஸ் வரும்போது பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் நழுவிவிட்டார். அவர் எந்தக் கிழமையையும் சொல்லியிருக்கலாம். சனிக்கிழமை என்றார்.

நீ இப்போது இருக்கிற வசதிக்கு அந்த நிகழ்ச்சியெல்லாம் மறந்திருக்கும். ஞாபகப்படுத்துகிறேன். பெரிய நிகழ்ச்சி கட்டணச் சானலில் வரும், அது பணக்காரப் பிள்ளைகளுக்கு. நமக்குக் கிடைத்தது தையல்காரர் கடை மாடியில், அவருடைய பழைய பெட்டியில், சனிக்கிழமை மத்தியானம் வந்த மிச்ச மீதி. வியாபார பாஷையில் சொன்னால் செகண்ட்ஸ், குறைபட்ட சரக்கு. தங்க ஜாக்கெட் போட்ட பெரிய ஆட்களெல்லாம் அதில் நேரில் வர மாட்டார்கள், முன்பு அடித்ததையே திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். நேரில் வருகிறவர்கள் தோற்பதற்கென்றே வருகிறவர்கள். பாதி நாற்காலி காலியாக இருக்கும், காமிரா அதைக் காட்டாமல் காட்டும். நம் மூட்டைக்காரன் பச்சை ஜட்டியும் தொந்தியுமாக வந்து நிற்பான். அவன் நிஜப் பேர் என்ன என்று கடைசிவரை நமக்குத் தெரியாது, ஏனென்றால் வர்ணனைக்காரன் அதைச் சொல்லவே மாட்டான். இவன் இங்கே எலும்பு முறிய விழுந்துகொண்டிருப்பான், அவன் அங்கே பெரிய நிகழ்ச்சியில் வரப்போகிற சண்டையைப் பற்றித் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருப்பான். அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சியில் ஒரு சாம்பியன் பெல்ட்கூடக் கைமாறியது கிடையாது. ஒன்றுமே நடக்காது. நடக்காமலே வாராவாரம் வரும். அந்த மாதிரி ஒன்றுமே நடக்காத ஒரு சனிக்கிழமை கிடைத்தால் இப்போது நான் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

அண்ணனுக்கு மூட்டைக்காரன்மேல் ஏன் அவ்வளவு பிரியம் என்று நீ கேட்டிருக்கிறாய். "அவன் ஒழுங்கா விழலைன்னா எதிர்ல இருக்கிறவன் எப்படிடா பலசாலி ஆவான்" என்பார். இதைக் கேட்டு அவரைப் பெரிய தியாகி என்று நீ நினைத்துக்கொள்ளாதே. படிப்பை விட்டது உன்னைப் படிக்க வைக்க என்று சொல்வார், ஆனால் பள்ளிக்கூடம் போகச் சோம்பலாக இருந்தது என்பதும் உண்மை. இரண்டும் ஒரே ஆள்தான். தையல் கோணிப்போன மெத்தைகளை வாங்கி விற்று நான் இந்தக் கடையைப் பிடித்தேன், எந்தக் குறை எங்கே இருந்தால் எதைத் தாங்கும் என்று எனக்குத் தெரியும். அந்த மனுஷனுக்குத் தையல் கோணல், உள்ளே பஞ்சு நல்ல பஞ்சு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை நிகழ்ச்சியில் மூன்றாவது தடவையும் கை விழும். உனக்கு இது மறந்திருந்தாலும் எனக்கு மறக்கவில்லை. மூன்றாவது நிற்பதெல்லாம் பெரிய நிகழ்ச்சியின் பெரிய ஆட்களுக்குத்தான், மூட்டைக்காரன் மாதிரி ஆட்களுக்கு மூன்றும் விழும், மணி அடிப்பார்கள், விளம்பரம் வரும். ஆனால் ஒரே ஒரு சனிக்கிழமை. நீ மொட்டை மாடியில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாய், உனக்குப் படம் தெரியாது, கீழேயிருந்து அண்ணன் வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தார். மூட்டைக்காரன் கழுத்தில் தூக்கப்பிடி விழுந்தது. கை ஒருதரம் விழுந்தது, இரண்டாம் தரமும் விழுந்தது. அந்த நேரம் பார்த்து நீ கை வலித்துக் கம்பியைத் திருப்பினாய், படம் மொத்தமும் கோடு கோடாகிவிட்டது. அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டி, "நின்னுச்சுடா" என்று மேலே பார்த்துச் சொன்னார். நீ சந்தோஷத்தில் ஆன்டெனாவை விட்டுவிட்டுக் குதித்தாய், அது தையல்காரர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது, மூன்று பேரையும் அதன்பிறகு ஒரு மாதம் அவர் உள்ளே சேர்க்கவில்லை. நான் அண்ணன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். திரையில் கோடுகளைத் தவிர ஒன்றும் இல்லை. கேட்டால், "கோடுதான். கோட்டுக்குள்ள நின்னுச்சு" என்பார். தலை நரைத்த பிறகும் அதையேதான் சொன்னார்.

இப்போது அந்தப் பழைய நிகழ்ச்சிகளையெல்லாம் யாரோ புண்ணியவான்கள் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அண்ணன் காதருகே போனை வைத்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தேன், அந்த ஒரு சனிக்கிழமை அகப்படாதா என்று. பச்சை ஜட்டிக்காரன் வர்றான், விழுறான் என்று வர்ணனையும் நானே சொன்னேன். நர்ஸ் முதலில் திட்டினாள், பிறகு சத்தத்தைக் குறையுங்கள் என்றாள், பிறகு அந்தத் தொந்திக்காரன் எப்போதாவது ஜெயிப்பானா என்று கேட்டாள். அண்ணன் அசையவில்லை. பக்கத்துக் கட்டிலில் ரிட்டயரான கண்டக்டர் ஒருவர், அண்ணனைப் போலவே நினைவில்லாமல் கிடந்தவர். அவருடைய மகன்கள் வராந்தாவில் வீட்டைப் பாகம் பிரித்து முடித்து, மாடிப்படி யாருக்கு என்பதில் வந்து நின்றிருந்தார்கள். அப்பா படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டாயிற்று. அந்த மனுஷன் திடீரென்று கண்ணைத் திறந்து, "அந்தப் பச்சை ஜட்டிக்காரன் என்ன ஆனான்" என்று கேட்டார். நர்ஸ் ஓடினாள், டாக்டர்கள் ஓடிவந்தார்கள். நாலாம் நாள் அவர் நடந்து வீட்டுக்குப் போனார். போகும்போது மூத்த மகன் என்னிடம் வந்து, "நீங்க உங்க அண்ணனை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்திருக்கலாம் சார்" என்றான். ஆக, வைத்தியம் சரியானதுதான் தம்பி. சரக்கு நல்ல சரக்கு, டெலிவரிதான் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. அதனால்தான் சொல்கிறேன், இன்னும் கொஞ்சம் பொறுத்தால் நம் விலாசத்துக்கும் வரும்.

நான் கணக்குத் தெரிந்தவன். போகாத சரக்கைக் கட்டிக்கொண்டு அழுகிற ஆளில்லை, உனக்குத் தெரியும். அண்ணியின் கையைப் பார்த்தேன், அந்தக் கட்டில் விளிம்பைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துவிட்டது. "அவரு கஷ்டப்படுறாரா, இல்லையா, அதை மட்டும் யாராவது சொல்லுங்க" என்கிறார். யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ஆனால் மூன்றாவது தடவை தூக்காமல் மணியடிக்க நான் விடமாட்டேன். சனிக்கிழமை வரட்டும். அதுவரை நீ கையெழுத்துப் போடாதே, பேனாவையே தொடாதே.

உன் வீட்டில் பெரியவர் சிறியவர் அனைவரையும் விசாரித்ததாகச் சொல். மூன்று பேரும் ஒரே பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து ஆன்டெனாவுக்காகச் சண்டை போடுகிற ஒரு நாள் நமக்கு இன்னும் பாக்கியிருக்கட்டும் என்ற ஆசியோடு,

உன் நடு அண்ணன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. அந்த டாக்டர் விடுமுறை, வேறு ஒருவர் வந்து கையைத் தூக்காமலே எழுதிவிட்டுப் போனார். அதனால் மத்தியானம், நம்முடைய நேரத்துக்கு, நானே தூக்கினேன். விட்டேன், விழுந்தது. இரண்டாம் தரமும் விட்டேன், விழுந்தது. மூன்றாம் தரம் தூக்கினேன். விழவில்லை. நான் விடவில்லை, அதனால் விழவில்லை. பார்வை நேரம் முடிந்து நர்ஸ் வந்து நின்றாள், அப்போதும் விடவில்லை. அண்ணி என் தோளைத் தொட்டு, "போதும், விடுங்க, அவருக்குக் கை வலிக்கும்" என்றார்.

மேலே எழுதியதையெல்லாம் விட்டுத் தள்ளு. ஆஸ்பத்திரித் தாளில் அண்ணி முதலில் கையெழுத்துப் போட்டார், இரண்டாவது நான் போட்டேன், மூன்றாவது இடம் உன்னுடையது. போட்டு அனுப்பு. பிள்ளைகள் பெரியப்பாவைப் பற்றிக் கேட்டால், மூன்றாவது தடவை நின்னுச்சு என்று சொல். நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன்.