மசக்கை மண்டோர்

பால் வெட்டுக்கு ஒரு மண்டோர், புல் வெட்டுக்கு ஒரு மண்டோர், மருந்தடிக்க ஒரு மண்டோர் என்று ரப்பர் தோட்டத்தில் ஆளை மேய்க்க ஆட்கள் ஏராளம். அவர்களையெல்லாம் துரை நியமிக்கிறார். ஏச்சையும் அவர்கள் அவரிடமே வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் யாரும் நியமிக்காமல், யாரும் கூப்பிடாமல், தாமாகவே வேலையில் சேர்ந்து ஆயுள் முழுக்க ஓய்வு பெறாத மண்டோர் ஒருவர் உண்டு. அவர்தான் மசக்கை மண்டோர். ஊரில் எந்தப் பெண் மாசமாக இருந்தாலும் அவள் வாய்க்குள் என்ன போகிறது என்று மேற்பார்வை பார்ப்பது அவர் பொறுப்பு. நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கலாம்.

இந்த வேலைக்கு என்ன தகுதி? வைத்தியம் படித்திருக்க வேண்டுமா? வேண்டாம். பிள்ளை பெற்றிருக்க வேண்டுமா? அதுவும் வேண்டாம், இந்த இனத்தில் நான் அதிகம் கண்டது மீசை வைத்தவர்களைத்தான். உரத்த குரலும், 'கூடாது' என்ற ஒற்றைச் சொல்லும், சொல்லி முடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு "எனக்கென்ன, சொல்றதச் சொல்லிட்டேன்" என்று நடையைக் கட்டுகிற பழக்கமும் இருந்தால் போதும்.

இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதியாக நான் கண்டவர் ரெங்கசாமி. கோல சிலாங்கூர் வட்டாரத்தில், புக்கிட் பெலிம்பிங் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தார். சம்பளம் வாங்கியது பால் வெட்டு மண்டோராக. மனசார உழைத்தது மற்ற வேலையில்.

அது மலாயாவில் அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பருக்கை சோறும் போய்விடக் கூடாது என்று அரசாங்கம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்த காலம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. அரிசி அளந்துதான் கிடைக்கும். ஹபீபுல்லா கடையில் பால் டின் வாங்கினால் அவர், சேர்த்து வைத்துக் கடத்த முடியாதபடி, அங்கேயே ஆணியால் இரண்டு பொத்தல் போட்டுத்தான் கையில் கொடுக்க வேண்டும். காலை ஆறு மணிக்குக் கேட்டு திறந்ததும், வெட்டுக்குப் போகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்து அனுப்புவார்கள். ஒரு கவளம் சோறு, ஒரு துண்டு ரொட்டி, எதுவும் வெளியே போகக் கூடாது. போனால் கையில் விலங்கு. பகல் ஒரு மணிக்குப் பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பும்வரை எல்லாருக்கும் வெறும் வயிறுதான்.

சாப்பாடு வேலியைத் தாண்டக் கூடாது என்றது அரசாங்கம். சாப்பாடு பிள்ளைத்தாய்ச்சியின் தொண்டையைத் தாண்டக் கூடாது என்றார் ரெங்கசாமி. இந்த இரண்டு உத்தரவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் புஷ்பவள்ளி.

புஷ்பவள்ளி, வீரன் என்ற வெட்டுக்காரனின் மனைவி. அவளும் வெட்டுக்குப் போகிறவள். மண்டோருக்குப் பக்கத்து வீடு. முந்தின வருஷம் ஐந்தாம் மாதத்தில் அவளுக்கு ஒரு கரு கலைந்துவிட்டது. ஏன் கலைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ரெங்கசாமிக்குத் தெரிந்திருந்தது. கடலோரத்து ஜெராமில் ஒரு கல்யாண வீட்டில் அவள் சுண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு அன்னாசி தின்றிருக்கிறாள். அந்தத் துண்டு அன்னாசியைப் பற்றி லயம் முழுவதும் ஆறு மாதம் பேச்சு நடந்தது. பாவம், அந்தப் பெண்ணும் நம்பிவிட்டாள். தன் வாயாலேயே தன் பிள்ளையைத் தொலைத்துவிட்டதாக நினைத்து அவள் அழுத அழுகை எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

மறு வருஷம் அவள் மறுபடியும் உண்டானாள். புருஷனுக்குத் தெரியும் முன்பே மண்டோருக்குத் தெரிந்துவிட்டது. ஹபீபுல்லா கடையில் அவள் மாங்காய் ஊறுகாய் வாங்கியதை அவர் பார்த்துவிட்டார்.

"டேய் வீரா, ஒம் பொஞ்சாதி முழுகாம இருக்கா. இந்தத் தடவ எங்கிட்ட விட்டுரு, நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டார். பப்பாளியும் அன்னாசியும் முதல் நாளே நாடு கடத்தப்பட்டன. பிறகு ஜெராமிலிருந்து சைக்கிளில் வரும் மீன் சூடு என்று போயிற்று, கீரை குளிர்ச்சி என்று போயிற்று, பூசணி வாயு, பால் சளி, கத்தரிக்காய் அரிப்பு என்று வரிசையாகப் போயின. நண்டு தின்றால் பிள்ளை பக்கவாட்டில் நடக்கும். முட்டை தின்றால் தலையில் முடியே முளைக்காது. நல்லவேளை, கோழி தின்றால் பிள்ளை கொக்கரிக்கும் என்று சொல்லவில்லை. அந்த வாரம் அவருக்கு வேலை அதிகம். மிஞ்சியது என்ன? அளந்து கொடுத்த அரிசியும் ரசமும்.

வீரன் நல்லவன், பயந்த சுபாவம். அவள் இன்னொரு தடவை அப்படி அழுவதைப் பார்க்க அவனால் ஆகாது. அதனால் மண்டோர் சொன்னதெல்லாம் அவனுக்கு வேதவாக்கு. வீட்டில் மூன்று பெட்டைக்கோழிகள் இருந்தன. முட்டை கண்ணில் பட்டாலே ஆசை வரும், கண்ணிலேயே படக் கூடாது என்றார் மண்டோர். வீரன் அன்றன்றைக்கு விழுந்த முட்டையைப் பொறுக்கிக்கொண்டுபோய் மண்டோர் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வந்தான். அங்கே அவற்றின் கதி என்ன என்பதை நடுச்சுவருக்கு மேலாக வந்த வெங்காயம் வதங்கும் வாசனை புஷ்பவள்ளிக்குச் சொல்லும்.

ஆறாம் மாதம், பால் வெட்டிக்கொண்டிருந்தவள் மயங்கி விழுந்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெஸர் முருகையா, இமையைப் பிரித்துப் பார்த்துவிட்டு வீரனைத்தான் ஏசினார்.

"ஒடம்புல ரத்தமே இல்ல. முட்ட, மீனு, கீரை, பாலு, எல்லாம் குடு. நல்லா வேக வச்சுக் குடு, அவ்வளவுதான். வெறும் ரசத்துல ஓட்டுனா இந்தப் புள்ளயும் தங்காது லா."

வீரன் நேராக மண்டோரிடம் போய்ச் சொன்னான். மண்டோர் சிரித்தார். "டிரெஸரு எத்தன புள்ள பெத்தாரு?"

இவர் எத்தனை பெற்றார் என்று கேட்க வீரனுக்குத் தோன்றவில்லை. உங்களுக்கும் எனக்கும் அந்த நேரத்தில் தோன்றியிருக்காது.

ஆனால், 'இந்தப் பிள்ளையும் தங்காது' என்ற வார்த்தை புஷ்பவள்ளியின் காதில் விழுந்துவிட்டது. அவள் தன் கோழியின் முட்டையைத் தானே திருடினாள். வீரன் எழுவதற்கு முன்னால் எழுந்து, தேத்தண்ணி போடுகிற வெந்நீரிலேயே போட்டு அவித்தாள். அவித்தால் வாசனை சுவரைத் தாண்டாது. விடியற்காலையில் எதை விழுங்கினாலும் அவளுக்குக் குமட்டும். பத்து மணிக்குத்தான் பசி உயிரை வாங்கும். அதனால் முட்டையைக் கொண்டைக்குள் வைத்துச் சுருட்டி, மேலே தலைத்துணியைக் கட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். மூன்று நாள், மரத்தடியில் உட்கார்ந்து, யாருக்கும் பயப்படாமல் ஒரு முட்டை தின்றாள். மூன்றாம் நாள் வயிற்றில் பிள்ளை நன்றாக உதைத்தது.

நான்காம் நாள் கேட்டுக்குப் புதுக் கார்ப்பரல் வந்திருந்தார். மலாய்க்காரர், தோட்டத்திலேயே வளர்ந்ததால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. பெண்களின் தலைத்துணியையும் அவிழ்த்துப் பார்க்கச் சொன்னார். பெண்களைச் சோதிப்பதற்கென்று இருந்த நாகமணி துணியை உருவினாள். கொண்டை அவிழ்ந்தது. முட்டை விழுந்து, அவித்த முட்டையாதலால் உடையாமல், செம்மண்ணில் உருண்டு போய் ரெங்கசாமியின் காலடியில் நின்றது.

"இது யாருக்கு? காட்டுல இருக்கிறவனுக்கா?" என்றார் கார்ப்பரல். ஸ்டேஷனுக்கு ஆளை ஏற்றிப்போகிற லோரி பக்கத்திலேயே நின்றது.

"எனக்குத்தாங்கய்யா," என்றாள் புஷ்பவள்ளி.

"ஒனக்குன்னா வீட்டுல திங்க வேண்டியதுதானே? எதுக்கு ஒளிச்சு எடுத்துட்டுப் போற?"

அவள் மண்டோரைப் பார்த்தாள். நாகமணிதான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "வீட்டுல தின்னா மண்டோரு ஏசுவாருங்க. மாசமா இருக்கிறவ முட்ட திங்கக் கூடாதுன்னு அவரு உத்தரவு."

கார்ப்பரல் திரும்பினார். "மண்டோர், நெஜமா? இந்தப் பொம்பள முட்ட திங்கலாமா, கூடாதா?"

வாசகர்களே, ஒரு மசக்கை மண்டோருக்கு இதைவிடப் பெரிய சோதனை வரக் கூடாது. 'கூடாது' என்றால் முட்டை காட்டுக்காரனுக்கு என்று ஆகிவிடும்; வயிற்றுப்பிள்ளையோடு அவள் லோரியில் ஏற வேண்டும். 'திங்கலாம்' என்றால் இத்தனை வருஷம் கட்டி ஆண்ட ராஜ்யம், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்ற அத்தனை பேருக்கும் எதிரில் சரிந்துவிடும். ரெங்கசாமி முட்டையைப் பார்த்தார். புஷ்பவள்ளியின் வயிற்றைப் பார்த்தார். துண்டை உதறத் தூக்கியவர் அதைக் கொண்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"திங்கலாங்கய்யா," என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. "அவிச்ச முட்டதானே. தாராளமா திங்கலாம்."

"அப்ப இங்கயே திங்கட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

ரெங்கசாமியே குனிந்து முட்டையை எடுத்து, மண்ணைத் துடைத்து, ஓட்டை உரித்து அவளிடம் நீட்டினார். குமட்டலையும் அழுகையையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு அவள் தின்றாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். லோரி காலியாகவே போயிற்று. அவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷத்தில் பாதியாகக் குறைந்துவிட்டது.

மீதிப் பாதி ஏன் குறையவில்லை என்கிறீர்களா? மூன்று மாதம் கழித்துப் புஷ்பவள்ளிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஏழு ராத்தல், தலை நிறைய முடி. முதல் ஆளாகப் பார்க்க வந்த ரெங்கசாமி சொன்னார்: "அன்னிக்கு நான்தானே திங்கச் சொன்னேன்? இல்லாட்டி இந்த முடி வருமா?" அன்றிலிருந்து தோட்டத்தில் புதுச் சட்டம். மாசமாக இருக்கிறவள் தினம் ஒரு முட்டை தின்றே ஆக வேண்டும். முட்டை வாசனை பட்டாலே வாந்தி எடுக்கிற வேலம்மாவின் வாசலில், தின்று முடிக்கும்வரை அவர் காவல் நின்றதை நானே பார்த்தேன்.

நல்லவேளை, நாமெல்லாம் அப்படி இல்லை. டிரெஸர் சொல்வதைக் கேட்கிறவர்கள், படித்தவர்கள். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். இந்தக் கதையை இவ்வளவு தூரம் படித்து வருகையில், எங்கோ ஓர் இடத்தில், 'அதெல்லாம் சரி, இருந்தாலும் அந்த அன்னாசியை அவள் தின்றிருக்க வேண்டாம்' என்று உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? தோன்றியிருந்தால், உங்கள் தோளில் ஒரு துண்டு கிடக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

எனக்கென்ன, சொல்றதச் சொல்லிட்டேன்.