தப்பு, தப்பு

பிள்ளைகளே, தெரியாத சொல் ஒருநாளும் ஆளை மாட்டிவிடாது. தெரிந்த சொல்தான் மாட்டிவிடும். இதை நான் பசிபிக் கடல் நடுவில், வெறுங்காலோடு நின்று படித்தேன்.

என் மகள் ஆரணிக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூட புரொஜெக்டுக்கு ஈஸ்டர் தீவுச் சிலைகளை நேரில் பார்த்து வரைய வேணும் என்று ஒரு வருஷம் நச்சரித்தாள். எங்கள் ஊர் ரோவிலில் இருந்து நானும் மனைவியும் அவளும் மூன்று விமானம் மாறிப் போனோம். (பக்கத்துத் தீவு என்று நினைத்துத்தான் நான் ஓம் சொன்னது.) அவளுக்குக் கிடைத்தது ஒரேயொரு காலை. மறுநாள் திரும்ப வேணும்.

ஒரு கல்மேடையில் ஏழு சிலைகள் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றன. இன்னும் சில கீழே முகங்குப்புறக் கிடந்தன. ஆரணி முன்னால் புல்லில் இருந்து வரையத் தொடங்கினாள். எனக்கு அது கோயில் மாதிரியே பட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு வலம் சுற்றப் புறப்பட்டேன். குறுக்கே கயிறு கட்டியிருந்தது. (திருவிழாக் கயிறு என்றால் குனிந்து போவதுதானே. போனேன்.)

மேடைக்குப் பின்பக்கம் வந்தபோது, தொப்பி போட்ட காவல்காரப் பெண் ஒருவர் ஓடிவந்தார்.

"தப்பு, தப்பு" என்றார்.

எங்கள் வீட்டில் பிழையைப் பிழை என்றுதான் சொல்வோம். தப்பு என்றால் உயிர் தப்பி ஓடு. விழுந்து கிடந்த சிலைகளைப் பார்த்தேன். நிற்கிறதுகளைப் பார்த்தேன். பிள்ளை மற்றப் பக்கம். மேடையில் ஏறி, இரண்டு சிலைகளுக்கு நடுவால் பாய்ந்து, அவளை வரைகிற கொப்பியோடு தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். மனைவி என் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தா. ஏன் என்று கேட்கவில்லை, பழகிவிட்டது.

அந்தக் காவல்காரப் பெண் வந்து, எங்களை வெளியே அனுப்ப டிக்கெட்டுகளைக் கேட்டார். ஆரணிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அப்பா, தப்பு எண்டது அவையின்ரை பாஷை. புனிதமான இடம், மிதிக்கக்கூடாது எண்டு அர்த்தம். இட்ஸ் இன் மை புரொஜெக்ட்."

"அப்ப சிலை விழேல்லையோ?"

அவள் அழுகையோடு முழுவதையும் இங்கிலிஷில் அவருக்கு விளங்கப்படுத்தினாள். அவர் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்தார். தோள் குலுங்கியது. பிள்ளை போய் வரையலாம், அப்பா வாசலிலேயே இருக்க வேணும் என்று தீர்ப்பு. மத்தியானம் வரை செருப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

போன மாதம் குசினியில் கருவாடு கருகி, புகை அலாரம் அடித்தது. நான் "தப்புங்கோ" என்று கத்தியபடி வெளியே ஓடினேன். புல்லில் நின்று திரும்பிப் பார்த்தால் ஒருவரையும் காணோம். கொஞ்ச நேரத்தில் யன்னல் திறந்தது.

"அப்பா, செருப்பு" என்று ஆரணி எறிந்தாள்.