மே மாதத்து ஹீட்டர்

கோயமுத்தூர் ஜில்லாவில் மே மாதத்து உச்சி வெயிலில் காருக்குள் ஹீட்டர் போட்டுக்கொண்டு போன மனிதர் ஒரே ஒருவர்தான். இனி ஒருவர் பிறந்து வந்தாலும் அந்தத் தைரியம் வராது. அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். போத்தனூரில் எங்கள் வீதிக்கு அவர் ஹீட்டர் அண்ணன்.

லேத் பட்டறை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் எங்கே ரோடு இல்லையோ அங்கே வண்டி ஓட்டப் போய்விடுவார். அதற்கென்றே நாலு சக்கரமும் இழுக்கிற ஆட்டோமேட்டிக் வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தார். அதில் ஏற்கெனவே இருந்த சூடு காட்டும் முள்ளில் நம்பிக்கை இல்லாமல், ஸ்டியரிங் பக்கத்தில் இரண்டு மீட்டர்களைத் தானே பொருத்திக்கொண்டார். ஒன்று எஞ்சின் தண்ணீரின் சூடு காட்டும். இன்னொன்று கியர் பெட்டி ஆயிலின் சூடு காட்டும். அவர் மனைவி சரசக்கா அலுத்துக்கொள்வார்: "அந்த முள்ளப் பாக்கறதுல பாதி என்னையப் பாத்திருந்தா, நான் என்ன சீலை கட்டியிருக்கறேன்னாச்சும் தெரியுமுங்க."

தொடாமலே சூடு பார்க்கிற துப்பாக்கி ஒன்றும் இடுப்பில் இருக்கும். டயர், ரேடியேட்டர், தோசைக்கல், டீ, எதையும் விடமாட்டார். "நூத்தி எம்பது வந்துருச்சு, இப்ப ஊத்து அம்மணி" என்று சமையலறைக்குள் போய்ச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டு வருவார். கொரோனா வந்து ஒவ்வொரு கடை வாசலிலும் நெற்றிக்கு நேரே துப்பாக்கி நீட்டினார்களே, எங்கள் வீதிக்காரர்கள் மட்டும் பயப்படவில்லை. எங்களுக்கு அது பல வருஷப் பழக்கம்.

மேடு ஏறி வந்த வண்டியை உடனே அணைக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். சும்மா ஓடவிட்டு, இரண்டு முள்ளும் இறங்கின பிறகுதான் சாவியைத் திருப்புவார். சொந்தக்காரர் விசேஷங்களில் சரசக்கா முதல் பந்தியில் சாப்பிட்டு, வெற்றிலையும் போட்டு முடித்திருப்பார். அண்ணன் அப்போதுதான் வண்டியை விட்டு இறங்குவார்.

ஹீட்டரின் அருமையை நான் பொள்ளாச்சியில் அனுபவித்தேன். சந்தை நாள். முன்னால் தேங்காய் லாரி, பின்னால் மாடு ஏற்றின வண்டி, அரை மணி நேரமாக ஓர் அடி நகரவில்லை. எஞ்சின் முள் நூற்றைத் தாண்டியது. அண்ணன் ஏசியை அணைத்தார், கண்ணாடிகளை இறக்கினார், ஹீட்டரை முழுசாகத் திருப்பினார். அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது.

"ஏனுங்ண்ணா, வெளிய இருக்கற வெயில் பத்தலைங்களா?"

"எஞ்சின் சூட்டை நாம கொஞ்சம் உள்ள வாங்கிக்கறோம் கண்ணு. நாம தாங்கிக்குவோம், அது தாங்காது."

முள் இறங்கியது நிஜம். நான் வீட்டுக்கு வந்து ஒரு குடம் தண்ணீர் குடித்ததும் நிஜம்.

இத்தனையும் தெரிந்திருந்தும், என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வண்டியாக அதைத்தான் கேட்டேன். வேறு வழியில்லை. பெண் வீட்டார் வேண்டுதலால் மலைக்கோயிலில் கல்யாணம். மேலே போக ஏழு கிலோமீட்டர் மண்பாதை, ஜீப் மாதிரி வண்டி மட்டும்தான் ஏறும். முகூர்த்தம் காலை ஒன்பதரைக்குள். அதை விட்டால் அடுத்த நல்ல நாள் ஆடி கழிந்துதான். அண்ணனுக்கோ குழந்தைகள் இல்லை. "உன்ற தலைல அரிசி போடறதுக்குன்னே புதுவேட்டி எடுத்துருக்கறன் கண்ணு" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடிவாரத்தில் வண்டியைப் பார்த்ததும் அண்ணனின் முகம் செத்துவிட்டது. பெண்ணின் பெரியப்பா வண்டியின் முன்பக்கம் முழுக்க ரோஜாவும் சம்பங்கியுமாகத் திரை கட்டி, நடுவில் எங்கள் பெயர் எழுதின தெர்மாகோல் பலகையையும் இறுக்கிக் கட்டியிருந்தார். ரேடியேட்டருக்குக் காற்றுப் போக ஈர்க்குச்சி அளவுகூட இடமில்லை.

"மூக்கைப் பொத்திபோட்டு மலை ஏறச் சொல்றீங்களே, இது நாயமுங்களா?" என்றார் அண்ணன்.

"மாப்பிள்ளை வண்டி மொட்டையாப் போனா அபசகுனமுங்க. பூவுல ஆரும் கை வெக்கப்படாது" என்றார் பெரியப்பா. சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறி அமர்ந்துகொண்டார். பின்னால் நான், அம்மா, சரசக்கா.

அண்ணன் லோ கியரில் போட்டு மெதுவாக ஏற்றினார். மூன்றாவது வளைவிலேயே இரண்டு முள்ளும் போட்டி போட்டுக்கொண்டு ஏறின. காற்று வரும் பக்கமாக வண்டியின் முகத்தைத் திருப்பி நிறுத்தினார். "பூவை எடுத்துரலாமுங்களா?" என்றார். "மூச்" என்றார் பெரியப்பா. அண்ணன் ஹீட்டரை முழுசாகத் திருப்பினார்.

நான் பட்டுச் சட்டை, தலையில் உருமால் கட்டு. நெற்றிச் சந்தனம் மூக்கு வழியாக இறங்கியது. அம்மா என்னைத் துடைக்க, சரசக்கா அம்மாவைத் துடைத்தார். பெரியப்பாவுக்கு இரண்டு முழங்காலுக்கும் நடுவில்தான் ஹீட்டர் காற்று வரும் வழி. நாலு நிமிஷம் தாக்குப் பிடித்தார். பிறகு கதவைத் திறந்துகொண்டு குதித்தார்.

"அந்தப் பூவைப் புடுங்கித் தொலைங்க சாமி!"

அவரே பிடுங்கினார். வீணாக்காமல் பின்பக்கம் ஸ்டெப்னி டயருக்குக் கட்டினோம். முள் சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கத் தொடங்கியது.

ஐந்தாவது வளைவில் பெண் வண்டி நின்றிருந்தது. பெண் வண்டி என்பதால் பூவும் இரண்டு மடங்கு. பானட்டுக்குள்ளிருந்து புகை மாதிரி ஆவி. டிரைவர் ஈரத்துணியோடு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார். "மூடியத் தொட்டறாதீங்க! மூஞ்சி வெந்துரும்!" என்று அண்ணன் போட்ட சத்தத்தில் டிரைவர் துணியைப் போட்டுவிட்டு ஓடினார். மரத்தடியில் பெண்ணும் அவள் அம்மாவும் அழுகிற முகத்தோடு நின்றார்கள். மணி ஒன்பது. அந்த வண்டி ஆறுவதற்குள் முகூர்த்தமும் ஆறிவிடும்.

அண்ணன் இரண்டு பெண்களையும் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், கடைசியாகப் பெரியப்பாவின் வயிற்றைப் பார்த்தார்.

"பாரம் ஏறுனா சூடும் ஏறுமுங்க. பெரியவரு குறுக்குப் படியில நடந்து வந்துருங்க."

பெரியப்பா அண்ணனின் பரம்பரையையே திட்டிக்கொண்டு படியேறினார். அண்ணன் அத்தனையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மாமியார் முன்னால், பெண் பின்னால், எங்கள் இருவருக்கும் நடுவில் அம்மாவும் சரசக்காவும் கோட்டைச் சுவராக. சற்று நேரத்தில், எனக்கு மனைவியாகப் போகிறவள் அம்மாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து என்னிடம் கேட்டாள்.

"ஏனுங்க, ஹீட்டர் ஓடுதுங்களா?"

அவசரத்தில் அண்ணனின் வசனமே வாயில் வந்தது. "நாம தாங்கிக்குவோமுங்க, அது தாங்காது" என்றேன். அவள் சிரித்தாள். அத்தனை வேர்வையிலும் எனக்கு ஜில்லென்று இருந்தது.

ஒன்பது இருபதுக்குக் கோயில் வாசல். எல்லோரும் குதித்து ஓடினோம். பெரியப்பாவும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். தாலி முடிச்சுப் போடும்போது அண்ணனைத் தேடினேன். கூட்டத்தில் அவர் இல்லை. போட்டோ எதிலும் இல்லை.

முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் வெளியே ஓடினோம். பானட்டைத் திறந்து வைத்து, புதுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இதுக்குத்தான் புதுவேட்டி எடுத்தீங்களாண்ணா? ஒரு நாளைக்கு அணைச்சுப்போட்டு வந்தா என்னங்க?"

"அப்படி உட்டுப்போட்டு வர முடியுமா கண்ணு? உங்க ரெண்டு பேரையும் கொண்டாந்து சேத்த வண்டி. கியர் ஆயில் இன்னும் நூத்திப் பத்துல நிக்குது."

பிறகு வலது கையை விரித்தார். அட்சதைத் தட்டு வண்டிப் பக்கமும் வந்திருக்கிறது. வாங்கின அரிசியை மூடிய கையிலேயே வைத்துக்கொண்டு, அந்தக் கையை எஞ்சின் பக்கத்தில் ஊன்றி, முள்ளையும் கோயிலையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றிருக்கிறார்.

நாங்கள் குனிந்தோம். அன்றைக்கு எங்கள் தலையில் விழுந்த அரிசியில் கடைசியாக விழுந்தது அவருடையதுதான். சூடாக விழுந்ததும் அது ஒன்றுதான்.