அத்தைக்கு நான் பிரான்சை விளக்கிய நாள்

வீட்டில் முதல் ஆளாகப் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. அவனுக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வராது. மணி என்ன என்று கேட்டால், கடிகாரம் யார் கண்டுபிடித்தது என்பதிலிருந்து ஆரம்பிப்பான். 2005ஆம் ஆண்டு எனக்கு அந்த வியாதி முற்றிய நிலையில் இருந்தது. திண்டிவனத்தில் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு, வேலை எதுவும் அமையாமல், மரக்காணத்தில் சொந்தக்காரர்களின் காகிதங்களைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாத்திரை அட்டையிலிருந்து கோர்ட் நோட்டீஸ் வரை என்னிடம்தான் வரும். (சம்பளம், ஒரு டீ. நல்ல செய்தியாக இருந்தால் வடையும் உண்டு.)

அப்பாவின் தங்கை, என் அத்தை, உப்பளத்தில் உப்பு வாரும் வேலை செய்தார். மாமா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலைப் பார்த்துப் பார்த்து அத்தைக்குக் கண் எப்போதும் சிவந்திருக்கும். பாதம் முழுக்க வெடிப்பு. ஆனால் ஒரே மகள் செல்வியை அந்தப் பக்கம் சோறு கொண்டுவரக்கூட விட்டதில்லை. அவள் காலில் உப்புத் தண்ணீர் படக்கூடாது என்பது அத்தையின் சட்டம். இது எங்கள் தெருவுக்கே தெரியும். எனக்கும் தெரியும். அதுதான் வேதனை.

செல்விக்குப் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்டவரை 'நேஷனாலிட்டி மாப்பிள்ளை' என்பார்கள். கலெக்டர் மாப்பிள்ளைக்கு ஒரு படி மேல். பையன் ஆகஸ்ட் லீவில் வந்திருந்தான். செல்விக்குப் போட்டோவிலேயே பிடித்துவிட்டது. அத்தைதான் இழுத்துக்கொண்டிருந்தார். கண்காணாத தேசம், ஒன்றும் தெரியாமல் எப்படித் தலையாட்டுவது என்று யோசனை. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "நீதான்டா படிச்சவன். அந்த ஊரு எப்படின்னு விசாரிச்சி, அவங்க வர்ற அன்னிக்கே எல்லார் முன்னாடியும் ரெண்டு வார்த்தை சொல்லு. அத வெச்சிதான் நான் முடிவு பண்ணுவேன்" என்றார்.

ரெண்டு வார்த்தை. என்னிடம் போய்.

பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினேன். பகலெல்லாம் நூலகம், சாயங்காலம் பிரௌசிங் சென்டர். அமைவிடம், காலநிலை, மக்கள், தொழில், நிறைகள், குறைகள், முடிவுரை என்று பரீட்சைக்குத் தயாராவதுபோல் தயாரானேன். அப்படித் தேடும்போதுதான் அந்தப் படம் கண்ணில் பட்டது. பிரான்சின் கடற்கரையில் உப்பளம். அதே பாத்தி, அதே குவியல், நீளக் கழியால் உப்பை இழுக்கும் அதே குனிந்த முதுகு. எனக்குப் புல்லரித்துவிட்டது. செல்விக்குச் சொந்த ஊர் ஏக்கமே வராதே, அத்தை எவ்வளவு ஆறுதல் அடைவார் என்று, கலரில் பிரிண்ட் போட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை, அவருடைய தாய்மாமன், இன்னும் சில உறவினர்கள் வந்தார்கள். பஜ்ஜி, காபி முடிந்ததும் நான் எழுந்து நின்றேன். (மற்றவர்கள் உட்கார்ந்துதான் பேசினார்கள்.) தலைநகரம் பாரிஸ். வைத்தியச் செலவில் பெரும்பகுதியை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். கடைக்குள் நுழைந்தால் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் மரியாதை தெரியாதவள் என்பார்கள். மொழி தெரியாமல் வேலை கிடைக்காது, போன உடனே வகுப்பில் சேர வேண்டும். அத்தை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கதவோரம் நின்ற செல்வியின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"இதுக்கெல்லாம் மேல" என்று இழுத்து, படத்தை அத்தையின் கையில் கொடுத்தேன்.

"இது இன்னாடா?"

"உப்பளம் அத்தை. பிரான்சுல. நம்ம மரக்காணம் மாதிரியே இருக்குது பாருங்க."

அத்தை படத்தைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பெருமைப்படுகிறார் என்று நினைத்தேன். தாய்மாமனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். சென்னை விமான நிலையத்தின் வாசலுக்கு அப்பால் அவர் எதையும் பார்த்ததில்லை. ஆனாலும் மாப்பிள்ளை வீட்டு கௌரவத்தை விட்டுக்கொடுக்க முடியுமா?

"இதென்னங்க பிரமாதம். எங்க பையன் வூட்டாண்டயே இதவிடப் பெரிய உப்பளம் இருக்குது" என்றார்.

அத்தை படத்தை மடித்துக் காபி டம்ளர் பக்கத்தில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. "அப்ப வேணாங்க. இங்க உப்பளத்தாண்ட வெச்சிக்கினு வளத்தேன். அங்க ஒரு உப்பளத்தாண்ட கொண்டுபோய் வுடவா?"

செல்வியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

தாய்மாமனுக்கு அப்போதுதான் ஞானம் வந்தது. "தம்பி யாரு? பொண்ணுக்கு அத்தை பையன், மாமன் பையன்னு முறை ஏதாச்சும் உண்டா?" என்று கேட்டார். மாமன் மகன்தான் என்று யாரோ சொன்னார்கள். "அதான பாத்தேன். பிளான் போட்டுல்ல பேசறான்."

செல்வி என்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பதற்றத்தில் எனக்குக் குறிப்பின் அடுத்த பகுதிதான் வாயில் வந்தது. அது 'குறைகள்'. குளிர்காலத்தில் வெயிலே இருக்காது, ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்று கடகடவென்று ஒப்பித்தேன். தாய்மாமன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

செல்வி கதவோரத்தை விட்டு வெளியே வந்தாள். மாப்பிள்ளையைப் பார்த்து நேராகவே கேட்டாள். "நீங்க உப்பளத்துலயா வேலை செய்றீங்க?"

அதுவரை வாயே திறக்காத மனிதர். "இல்லீங்க. ரொட்டி செய்ற எடத்துல. நான் இருக்கிற ஊர்ல கடலே கெடையாதுங்க. ரயில் ஏறிப் போனாதான்."

தாய்மாமனுக்கு இருமல் வந்தது.

அத்தை மெதுவாகக் கேட்டார். "இவன் சொல்றானே, வெயிலு இருக்காதுன்னு. நெஜமா?"

மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர். "ரெண்டு மூணு மாசம் அடிக்கும்ங்க. மீதி நாள் பாதிக்கு மேல மூடனாப்புலதான் இருக்கும். சில நாள் எனக்கே வெறுத்துப்பூடும்."

முடிந்தது, இவரும் சேர்ந்து குழியில் மண் தள்ளிவிட்டார் என்று நினைத்தேன்.

"மத்தியானத்துல கூடவா?"

"ஆமாங்க."

அத்தை வெயிலில் சிவந்த கண்ணைக் கசக்கிக்கொண்டு தன் காலைப் பார்த்தார். பிறகு செல்வியைப் பார்த்து, "உனக்குச் சம்மதமா?" என்றார். அவள் தலையை ஆட்டினாள். தட்டு மாற்றிக்கொள்ள நாள் பார்க்கச் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் இன்னொரு காபி போட உள்ளே போனார். நான் முடிவுரை சொல்லவே இல்லை.

செல்வி இப்போது இரண்டு பிள்ளைகளோடு லீவில் வந்து போகிறாள். அங்கே மாதக்கணக்கில் வானம் வெளுப்பதில்லை, மனசே இருண்டு போகிறது என்று அவள் புலம்பத் தொடங்கினால் அத்தை கையமர்த்திவிடுவார். "நீ சும்மா இரு. படிச்சவன் இருக்கான், அவனக் கேப்போம்" என்று என்னைக் கூப்பிட்டு அனுப்புவார். நான் போய் நிற்பேன். குழந்தைகள் அதற்குள்ளேயே சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டிருப்பார்கள்.

"டேய், பிரான்சுல வெயிலு எப்படி?"

"இல்ல அத்தை."

வீடே சிரிக்கும், செல்வி உட்பட. அத்தை மட்டும் சிரிப்பதில்லை. ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டு, நிம்மதியாக முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.