மைமூன் அக்கா வீட்டு வாத்துக்கு வைத்த சலாம்

வாழ்க நாகையா! இருபத்திரண்டு ஆண்டுகள் சிலம்பக் கம்பு சுழற்றிய கரத்தினர், பிரிக்பீல்ட்ஸ் ரயில் பட்டறையின் சம்மட்டியைப் பூச்செண்டுபோல் ஏந்திய தோளினர், அடைமழையில் நின்று கம்பு வீசினாலும் தலை நனையாது என்று ஊரார் புகழ்ந்த வேகத்தினர் (நனைந்த தலையைத் துவட்டியவள் அவர் மனைவி நான்), ஒரு ஞாயிறு முற்பகலில் வாசற்படியில் அமர்ந்து, வலக் காதை என் பக்கம் திருப்பி, "தனம், மஞ்சளைக் கொஞ்சம் கெட்டியா கொழச்சுப் போடு" என்றார். எங்கள் வீட்டில் சாதாரணமாக நடந்த கடைசிக் காரியம் அது. அந்தக் காதைப் புண்ணாக்கிய பெரும்போரை, நான் கண்டபடி சொல்கிறேன்.

பெரிய வெள்ளம் வடிந்த ஆண்டில் வீட்டுக்கு வீடு பாம்பு புகுந்தது. பின்வரிசை வீட்டு மைமூன் அக்கா பாம்பை விரட்டவென்று கிள்ளான் பாசார்ச் சந்தையிலிருந்து ஒரு வாத்து வாங்கி வந்தார். மலாய்க்காரர் அங்சா என்று சொல்லும் பெரிய இனம். வெண்கொற்றக்குடை விரித்தாற்போன்ற சிறகும், களிற்றின் துதிக்கைபோல் வளைந்து நிமிரும் கழுத்தும், யாருக்கும் வழிவிட்டறியாத மார்பும் உடைய அவ்வேந்தன், பாம்புகள் யாவும் ஓடி ஒளிந்தபின் ஆள்வதற்கு வேறு நாடின்றி, இருபது வீட்டுக்கும் பொதுவான ஒற்றைக் குழாயடியைத் தன் தலைநகராக்கிக்கொண்டான்.

பெண்கள் நாங்கள் துடைப்பத்தோடு போனோம். அவன் ஒதுங்கிப் போனான். நாகையாவோ கம்போடு போனார்.

கம்பெடுத்தவர் எதிராளியின் முன் சலாம் வரிசை வைத்தாக வேண்டும். நான்கு திசைக்கும் குனிந்து, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகே அடி. முதல் திசைக்குக் குனிந்த கணமே வாத்து அவர் காதைக் கவ்வியது. மறுநாளும் கவ்வியது. இப்படியே நாற்பது நாள், கதிரவன் எழுமுன் எழுந்த வீரர் வெறுங்குடத்தோடு மீள்வதும், நான் போய்த் தண்ணீர் பிடித்து வருவதுமாக அந்தப் போர் நீண்டது.

பட்டறை ஆட்கள் எட்டுப் பேர் அவரோடு மாலையில் கம்பு பழகினார்கள். மலாய் நாட்டுக்குக் கப்பலேறி வந்த பிறகு தமக்கென்று அவர் உண்டாக்கிக்கொண்டது அந்த ஒரு கூட்டம்தான். அதில் மூத்தவரான தம்புசாமி ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னார்.

"அண்ணே, ஒரே ஒரு நாளைக்கு அந்தக் கும்புடு வேணாம்லா. நேரா மண்டையில ஒண்ணு வைங்க."

வருகிற ஞாயிறும் வாத்திடம் தோற்றால் எட்டுப் பேரும் செந்தூலுக்குக் குஸ்தி பழகப் போய்விடுவதாகப் பேச்சு அடிபட்டது. மைமூன் அக்காவே வந்து, அடித்துவிடுங்கள் அண்ணே, கறி சமைத்து உங்களுக்கும் ஒரு பங்கு தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். நாகையா அன்றிரவு சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். எட்டுப் பேரும் போய்விட்டால் மாலையில் தனியாக என்ன செய்வார் என்று எனக்கும் தெரியவில்லை. கை கழுவும்போது சொன்னார்:

"சலாம் வெக்காம தூக்குனா அது கம்பு இல்ல, வெறகு."

ஞாயிறு விடிந்தது. இருபது வீடும் குடங்களோடு அணிவகுக்க, எட்டு வீரர் கைகட்டி நிற்க, குழாய்நீர் முரசென வாளியில் முழங்க, நாகையா கச்சை இறுக்கிக் கிழக்கு நோக்கிக் குனிந்தார். குனிந்தவரின் வலக் காதை, இடியேறு பனையைப் பற்றினாற்போல், வாத்தரசன் பற்றினான். பற்றியவன் விடவில்லை. பற்றப்பட்டவரும் நிமிரவில்லை. மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்; குனிந்த நிலையிலேயே கால் மாற்றித் தெற்கே திரும்பினார்; காதோடு சேர்ந்து வாத்தும் திரும்பியது. பிறகு மேற்கு, பிறகு வடக்கு. தேர் இழுபட்டு வீதி சுற்றுவதுபோல் அது சிறகடித்துச் சுற்றிவர, ஒவ்வொரு திசையிலும் அவர் தலை தாழ்ந்தபோதெல்லாம் அதன் தலையும் தாழ்ந்ததால், இரு பெருவீரரும் ஒருங்கே நாற்றிசையையும் வணங்கியதாகவே அன்று எல்லார் கண்ணுக்கும் பட்டது. வடக்கில் வாத்து காதை விட்டது. தலை சுற்றியோ என்னவோ, சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

"அடிங்க அண்ணே" என்றார் தம்புசாமி.

நாகையா கம்பைத் தோளில் சாய்த்தார். காதிலிருந்து ரத்தம் கழுத்தில் வழிந்தது.

"அவனும் சலாம் வெச்சுட்டான், தம்புசாமி. உக்காந்தவன அடிக்க நான் பழகல."

யார் வென்றது என்று குழாயடியில் மதியம்வரை வாக்குவாதம். நான் துடைப்பத்தால் வாத்தை ஓரம் தள்ளிவிட்டுக் குடத்தை நிரப்பினேன். அன்று மாலை எட்டுப் பேரும் மைதானத்துக்கு வந்தார்கள், சலாம் வரிசையை முதலிலிருந்து சொல்லித்தரச் சொல்லிக் கேட்டார்கள். அவரால்தான் போக முடியவில்லை. மஞ்சள் காய்வதற்குள் உடம்பு கொதிக்கத் தொடங்கியிருந்தது. கொசுக் காய்ச்சல், காதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வியாழக்கிழமை அவர் இல்லை. எட்டுப் பேர்தான் தூக்கிப் போனார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, குடமும் துடைப்பமுமாய்க் குழாயடிக்குப் போனேன். வெண்சிறகு விரித்து, நெடுங்கழுத்தைத் தரையோடு தாழ்த்தி, நாற்பது நாள் போரில் மாவீரர் ஒருவரை எதிர்த்து நின்ற பேரரசன், இன்று யார் வருகிறார் என்று பார்க்க என் முன்னே வந்து நின்றான். துடைப்பத்தைக் கீழே வைத்தேன். கிழக்கே திரும்பிக் குனிந்து மண்ணைத் தொட்டேன்.

அந்த வாத்து இன்னும் கடிக்கிறது.